பீலியடி நிறுத்தம்

ஜஹானாவுக்குக் காத்திருப்பது ஆகாது. பசியைத் தாங்குவாள், மழையில் நனைவாள், கண்டி நகரத்து வாகன நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் அவளால் முடியும். ஆனால் எவ்வளவு நேரம் என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். "இன்னும் எத்தின நிமிஷம்?" என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் கேட்கும் வசனம். அடுப்பிலிருக்கும் சோற்றுப் பானையிடமும் அவள் அப்படித்தான் கேட்பாள் என்று கணவன் ரிஸ்மி சொந்தக்காரர்கள் நடுவே கேலி செய்வான். அதில் பெரிய பொய்யில்லை. மகள் ஷஹ்மா பிறந்த அன்று பிரசவ அறையில் தாதியிடம் இதே கேள்வியைக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

பிறந்த ஊர் கம்பளை. எட்டு வருடம் கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. பிள்ளை பிறந்ததும் கண்டியில் ஹந்தானை மலைப் பாதையின் கீழ்ப்பகுதியில் ரிஸ்மியின் வீட்டோடு வந்து அமர்ந்து, வீட்டிலிருந்தே கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். பிறகு நாடெங்கும் எரிபொருள் கிடைக்காத அந்த வருடம் வந்தது. அதை யாரும் மறந்திருக்க மாட்டோம். காலை ஆறரைக்கு வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் தெருவில் நிற்பார்கள். வேனுக்கு டீசல் கிடைத்ததா, வருமா, வராதா, யாருக்கும் தெரியாது. வேன்காரருக்கு அழைத்தால் அவர் எடுக்க மாட்டார், வண்டி ஓட்டுகிறார். ஏழு மணியானதும் ஒவ்வொருவராகப் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூன்று வாரம் அப்படி நின்றதில் ஜஹானாவுக்குப் பைத்தியம் பிடிக்காதது ஒன்றுதான் குறை.

அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 'வந்தாச்சு'. பழைய கம்பனியில் கூட வேலை செய்த ஜனார்த்தனனைச் சேர்த்துக்கொண்டாள். கண்டியிலேயே இருப்பவன், அதிகம் பேசாதவன், எழுதிக் கொடுக்கும் நிரல் சுத்தமாக இருக்கும். வேனில் ஒரு பழைய போனை மாட்டிவிட வேண்டும். தாய்மாரின் போனில் வேன் ஒரு புள்ளியாக ஊர்ந்து வரும். பிள்ளை ஏறியதும் ஒரு செய்தி, பாடசாலை வாசலில் இறங்கியதும் இன்னொரு செய்தி: 'ஷஹ்மா பாடசாலைக்கு வந்தாச்சு.' இவ்வளவுதான். இதைச் செய்து முடிக்க அவளுடைய சேமிப்பும் இரண்டு வருடமும் போயின.

தொழில் தொடங்குகிறவர்களைக் கூட்டிவைத்துக் கேள்வி கேட்கும் கூட்டங்களுக்குக் கொழும்புக்குப் போய்வந்தாள். குளிரூட்டிய மண்டபத்தில், கழுத்தில் பெயரட்டை தொங்க, அவளைவிடப் பத்து வயது குறைந்த ஒருவர் கேட்பார்: "நாளைக்கு இதையே இன்னொருவர் செய்தால் உங்களிடம் என்ன மிஞ்சும்?" இன்னொருவர் கேட்பார்: "உங்கள் வாடிக்கையாளர் யார்? வேன்காரரா, தாயா, பிள்ளையா?" முதல் கேள்வியைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள். இரண்டாவதற்கு யோசிக்காமல் சொன்னாள்: "தாய்." அந்தப் பதிலை ஒரு மஞ்சள் தாளில் எழுதி வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டியும் வைத்தாள்.

முதலில் சேர்ந்த வேன் கணேஸுடையது. ஹந்தானையின் மேலே குடியிருந்து, வீடமைப்புத் திட்டத்துப் பிள்ளைகளையும் பாதையோரத்துப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நகரத்துப் பாடசாலைகளுக்கு வருபவர். ஷஹ்மாவும் அதில்தான் போகிறாள். ஐம்பது வயது, சாமிப் படத்துக்குப் பூ வைக்காமல் சாவியைத் திருப்பாத மனிதர். போனை மாட்டச் சம்மதிக்க வைக்கவே ஜஹானாவுக்கு ஒரு மாதம் பிடித்தது.

"இருபது வருசமா ஓட்றேன் மிஸ். நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"உங்களுக்குத் தெரியும் அண்ணே. எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தாள். நிறுத்தங்களைப் பதிய உட்கார்ந்தபோது அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், அவள் தட்டினாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பெற்றோரின் போன் இலக்கம் கட்டாயம். அது இல்லாமல் செயலி அடுத்த பக்கத்துக்குப் போகாது. பதினான்கு நிறுத்தம் முடிந்ததும், "வேற?" என்று கேட்டாள். கணேஸ் ஒரு கணம் எதையோ சொல்ல வந்தவர்போலப் பார்த்தார். "அவ்வளவுதான்" என்றார்.

சிவப்புப் புள்ளி பிறகு வந்தது. பதினோரு வேன்கள் சேர்ந்திருந்த சமயம், வேறொரு வேனின் சாரதி காலையில் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்று கதையளப்பதாகத் தாய்மார் முறைப்பாடு சொன்னார்கள். நியாயமான முறைப்பாடு. ஜஹானா ஒரு வாரத்தில் வழி செய்துவிட்டாள். பதியாத இடத்தில் வேன் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும், அந்த வேனின் எல்லாப் பெற்றோருக்கும் செய்தி போகும். அந்தச் சாரதி மறுநாளே திருந்தினார். தாய்மார் ஜஹானாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

கணேஸின் வேனிலும் சிவப்புப் புள்ளி விழுந்தது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம். ஆறு முப்பத்திரண்டு, தேயிலைக்கு நடுவே ஒரு வளைவு, நான்கு நிமிடம். அக்கம்பக்கத்தில் வீடு இல்லை, கடை இல்லை. சிகரெட் குடிக்கிறாராக்கும் என்று ஜஹானா நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை.

வேன் உரிமையாளர் சங்கம் ஒன்றின் செயலாளர் ஹில்மி ஹாஜியார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சங்கத்தில் நாற்பத்தாறு வேன்கள். அவ்வளவும் சேர்ந்தால் 'வந்தாச்சு' தன் காலில் நின்றுவிடும். ஜனார்த்தனன் வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் வெளிவேலைகளை விட்டுவிடலாம். அவரிடம் செயலியைக் காட்டப் போன காலையில் ஜஹானா வேண்டுமென்றே ஆறரைக்கு நேரம் கேட்டிருந்தாள். மேசையில் போனை வைத்து, "இப்ப பாருங்க ஹாஜியார்" என்றாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஹந்தானை வளைவில் புள்ளி நின்றது, சிவந்தது.

ஹாஜியார் வாய்விட்டுச் சிரித்தார். "அல்லாஹ்வே! கண்ணுக்கு முன்னுக்கே பிடிச்சிட்டீங்களே மகள்! எனக்கு இதுதான் வேணும். டிரைவர்மாருக்கு ஒரு பயம் ஈக்கணும்."

அவள் பூரித்துப் போனாள். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வருடத்தில் அவள் பட்ட பாடெல்லாம் அந்தச் சிரிப்பில் கழுவுண்டு போனது.

அதே நாள் கணேஸின் வேன் பெற்றோர் குழுவில் பேச்சு சூடேறியது. நாலு நிமிடம் தினமும் எங்கே போகிறது, நாங்கள் கீழே பிள்ளைகளோடு காத்துக் கிடக்கிறோம், என்ன செய்கிறார் அங்கே. ஒருவர் எழுத, ஒன்பது பேர் கட்டைவிரல் படம் போட்டு ஆமோதித்தார்கள். ஜஹானாவும் அதில் ஒருத்தி. கணேஸ் ஒரே ஒரு வரிதான் பதில் எழுதினார்: 'சரி. இனி நிக்காது.' மறுநாளிலிருந்து சிவப்புப் புள்ளி விழவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பின்னேரம், ஷஹ்மா பாலைக் குடித்தபடி சந்தோஷமாகச் சொன்னாள்: "உம்மா, இப்ப எனக்கு ஜன்னல் சீட்."

"ஆருட சீட் அது?"

"சுதர்சினி அக்காட. பெரிய அக்கா, ஓ லெவல் சோதனை எடுக்கிறவங்க. அவங்க இப்ப வாரல்ல."

"எனத்துக்கு வாரல்ல?"

"அங்கிள் இப்ப பீலிகிட்ட நிப்பாட்டுறதில்லயே." பிள்ளை தம்ளரை வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தாள். "நீங்க காட்டுவீங்களே, செவப்புப் புள்ளி வாற இடம். அங்கதான் அவங்க ஏறுற."

ஜஹானா போனில் பழைய சிவப்புப் புள்ளிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

கணேஸ் பாடசாலை விடும் நேரம்வரை வேனை நிறுத்தி வைத்திருக்கும் மர நிழல் அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் அங்கே போனாள். அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் துணியை உதறினார்.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"யார்கிட்ட மிஸ்? குரூப்புலயா? காசு குடுக்காத புள்ளைய ஏத்திட்டு வர்றேன்னு நானே எழுதவா? எங்க புள்ள ஏன் நெருக்கி உட்காரணும்னு அடுத்த கேள்வி வரும். வேனே என் பொழப்பு." துணியைப் பிழிந்தார். "அன்னலட்சுமி மலையில கொழுந்து எடுக்குது. அது மகதான். ஆறாம் வகுப்புல இருந்து ஏத்துறேன். அந்த நேரத்து பஸ் மேலேருந்தே ரொம்பி வரும், நிப்பாட்ட மாட்டான். நடந்தா அஞ்சு கிலோமீட்டரு. ஏழரைக்குக் கேட்டைப் பூட்டிருவாங்க."

"பதியக்க நான் கேட்டேனே, வேற ஈக்கான்னு."

"கேட்டீங்க. போன் நம்பர் இல்லாம உங்க போன் மேல போகலயே மிஸ். அந்த அம்மாகிட்ட ஏது போனுன்னு நானும் விட்டுட்டேன்." கணேஸ் வேன் கதவைச் சாத்தினார். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நான் நின்னது நெசம், அந்தப் போன் சொன்னதும் நெசம். ஆனா அந்தப் புள்ளைக்கு இன்னும் மூணு மாசத்துல சோதனை. அதான் மனசு கெடந்து அடிக்குது."

ஜனார்த்தனனிடம் சொன்னபோது அவன் சிவப்புப் புள்ளியின் நிரலைத் திறந்து பார்த்தான். பிறகு, "மூணு நிமிஷத்தை அஞ்சா மாத்திடலாம். ஒரு எண்தானே. யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றான்.

"அப்ப அந்தக் கடைவாசல் டிரைவர்?"

"அவருக்கும் ரெண்டு நிமிஷம் கூடக் கிடைக்கும். போகட்டும்."

"நாங்க பொய் சொல்றதா ஈக்கும் ஜனா."

"இப்ப சொல்றது முழுசா உண்மையா ஜஹானா?"

கொழும்பு மண்டபத்தில் யாரும் இப்படியொரு கேள்வி கேட்கவில்லை. வேன் நின்றதை அளந்தாள், எத்தனை நிமிடம் என்று அளந்தாள், எத்தனை பெற்றோர் செய்தியைத் திறந்து பார்த்தார்கள் என்றுகூட அளந்தாள். எதற்காக நின்றது என்று எழுத அந்தச் செயலியில் ஓர் இடம் இல்லை. அதை அவள்தான் வைக்கவில்லை.

அடுத்த நாள் காலை ரிஸ்மியிடம் பிள்ளையை ஏற்றிவிடும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மலைச் சரிவிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. நீர் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. அதைத்தான் பீலி என்கிறார்கள். பக்கத்தில் ஒரு மதகுக் கட்டு. கொஞ்சம் தள்ளிக் காரை நிறுத்திவிட்டு ஜஹானா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

தேயிலைக்கு நடுவிலிருந்து அந்தப் பிள்ளை இறங்கி வந்தாள். காலில் இறப்பர்ச் செருப்பு, சீருடைப் பாவாடையை ஒரு கையால் முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள், மறு கையில் ஒரு பொலித்தீன் சொப்பின் பேக், முதுகில் புத்தகப் பை. மதகில் உட்கார்ந்து முதலில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட்டை. ஒன்றைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து எடுத்து எறிந்தாள். பீலியில் இரண்டு காலையும் செம்மண் போகக் கழுவினாள். ஒரு துணியால் விரலிடுக்கு வரை துடைத்தாள். சொப்பின் பேக்கிலிருந்து வெள்ளைக் காலுறை, அதன்பின் வெள்ளைச் சப்பாத்து. ஒரு புள்ளி அழுக்கு இல்லாத சப்பாத்து. கழுத்துப்பட்டியைச் சரிசெய்து எழுந்தாள். பழக்கதோஷத்தில் ஜஹானா கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். நான்கு நிமிடத்துக்குப் பத்து விநாடி குறைவு.

அப்போது கணேஸின் வேன் வந்தது. வேகம் குறையவில்லை. கணேஸ் நேரே பாதையையே பார்த்துக்கொண்டு போனார். பின் இருக்கைப் பிள்ளைகள் கையசைத்தார்கள். சுதர்சினி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேயிலையைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது, மிதிபலகையில் ஆட்கள் தொங்க, அதுவும் நிற்கவில்லை. பிள்ளை புத்தகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

ஜஹானா காரை அருகே கொண்டுபோய்க் கண்ணாடியை இறக்கினாள். "மகள், டவுனுக்குத்தானே? ஏறுங்க."

"இல்லங்க மிஸ்." பிள்ளை மரியாதையாகச் சொன்னாள். "தெரியாதவங்க வண்டியில ஏறக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

நான் யார் தெரியுமா, உன்னை நடக்க வைத்தவள் நான்தான் என்றா சொல்வது? ஜஹானா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்த கையோடு அவள் இரண்டாவது தவறைச் செய்தாள். முதலாவதை அவசரத்தில் செய்தாள் என்றால் இதை அன்பில் செய்தாள். பெற்றோர் குழுவில் நீளமாக எழுதினாள். சிவப்புப் புள்ளியின் கதையை, பீலியை, அட்டையை, வெள்ளைச் சப்பாத்தை, தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வரும் சுதர்சினி என்ற பிள்ளையை, கொழுந்து எடுக்கும் தாயை, எல்லாவற்றையும் எழுதி, என் பிழை என்றும் எழுதி, அந்தப் பிள்ளையை மறுபடி ஏற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதுதான் வினையாகப் போனது.

இருதயங்கள் குவிந்தன. கண்ணீர் முகங்கள் வந்தன. ஒருவர் புதுச் சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொன்னார், ஒருவர் கொப்பிகள், இன்னொருவர் எல்லோரும் சேர்ந்து போய்ப் பிள்ளையோடு ஒரு படம் எடுத்துப் போடலாம் என்றார். இரண்டு பேர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார்கள். மதியத்துக்குள் அந்தச் செய்தி வேறு குழுக்களுக்குப் பறந்து, சுதர்சினியின் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் பின்னேரம் கணேஸ் அழைத்தார். "ஏன் மிஸ் பேரைப் போட்டீங்க?"

"அண்ணே, எல்லாரும் சரின்னுட்டாங்களே."

"எல்லாரும் சரின்னுட்டாங்க. புள்ளதான் மாட்டேங்குது. கிளாஸ்ல அட்ட அட்டன்னு கூப்பிட்டுச்சிங்களாம். இனி செத்தாலும் வேன்ல ஏற மாட்டேன், ஸ்கூலுக்கே போகலன்னு உக்காந்திருக்கு."

ஜஹானா போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு அவள் யாரையும் எத்தனை நிமிடம் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணேஸையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறினாள். தேயிலை நடுவே செங்குத்தான ஒற்றையடிப் பாதை. இரண்டு தரம் வழுக்கினாள், ஒரு தரம் விழுந்தாள். வாசலில் அன்னலட்சுமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஜஹானா யாரென்று கணேஸ் சொன்னதும் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். கதிரை போடவில்லை.

"எம் புள்ள உங்ககிட்ட பிச்சையா கேட்டுச்சி?" என்றாள்.

"இல்ல."

"பின்ன எதுக்கு ஊர் பூராவும் எங்க பேர எழுதுனீங்க? நாங்க கேட்டோமா, சப்பாத்து வேணும்னு? சப்பாத்துல ஒரு அழுக்கு இருக்கா, பாத்தீங்கதானே?"

"பார்த்தேன். இல்ல." என்றாள் ஜஹானா. "எண்ட பிழைதான். முதல்ல ஒரு பிழை, அத திருத்தப் போய் அதவிடப் பெரிய பிழை. மன்னிச்சுக்கங்க. உங்களயும் மகளயும் கேட்டுட்டு எழுதியிருக்கணும்."

அன்னலட்சுமி உடனே இளகிவிடவில்லை. இளக வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. ஜஹானாவின் பாவாடையில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் கணுக்காலையும் பார்த்தாள். "அட்டை ஏறியிருக்கு, பாருங்க" என்று சவர்க்காரத்தை எடுத்துவந்து கொடுத்தாள். பிறகுதான் கதிரை வந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது அன்னலட்சுமியே கேட்டாள்: "அந்த வந்தாச்சுங்கிறது, மத்த அம்மாமாருக்கு அதுல என்னா தெரியும்?"

ஜஹானா தன் போனை எடுத்துக் காட்டினாள். இது வேன். இது பிள்ளை ஏறும் இடம். ஏறினதும் இப்படி வரும். பாடசாலையில் இறங்கினதும் இப்படி. வெள்ளிக்கிழமைச் செய்தி இன்னும் அதில் இருந்தது. அன்னலட்சுமி விரலை வைக்காமல் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ஷஹ்மா பாடசாலைக்கு வந்தாச்சு.

"இறங்கினதையுமா சொல்லும்?"

"சொல்லும்."

"எனக்கும் போட்டுத் தாங்க."

கணேஸ் தொண்டையைச் செருமினார். "உன்கிட்ட ஏது போனு அன்னலட்சுமி?"

"இருக்குதானே." உள்ளே போய் ஒரு போனைக் கொண்டுவந்தாள். கண்ணாடி மூலையில் வெடித்திருந்தது. "கொழும்புல இருந்து எந் தம்பி ரெண்டு வருசத்துக்கு முந்தி குடுத்தது. நீங்க யாரு கேட்டீங்க?"

உண்மைதான். ஒருவரும் கேட்கவில்லை. கணேஸ் கேட்கவில்லை, ஜஹானா கேட்கவில்லை. கேட்காமலேயே இருவரும் இல்லையென்று முடிவுகட்டியிருந்தார்கள். கணேஸ் தரையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பினார்.

"சும்மா ஏற மாட்டா எம் புள்ள" என்றாள் அன்னலட்சுமி. "மத்தவங்க குடுக்கிற மாதிரி தூரத்துக்கு உள்ளத நானும் குடுப்பேன். வாங்கிக்கணும்."

"வாங்கிக்கிறேன்" என்றார் கணேஸ். இத்தனை வருடம் அவர் சொன்ன வார்த்தைகளில் அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஜஹானா அங்கேயே பதிந்தாள். தாயின் பெயர், இலக்கம், பிள்ளையின் பெயர். நிறுத்தத்தின் பெயர் என்ற கட்டம் வந்தது. "என்னன்னு போட?"

"பீலியடின்னு போடுங்க."

அதன் கீழே, முந்தின நாள் அவளும் ஜனார்த்தனனும் புதிதாகச் சேர்த்த ஒரு கட்டம் இருந்தது. வேன் இங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? இனி அதை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கேட்பார்கள். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் படி இறங்க முடியாத பிள்ளைக்கும் அது உதவும்.

அன்னலட்சுமி யோசித்தாள். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து சுதர்சினியின் குரல் வந்தது: "நாலு. மழைன்னா அஞ்சு."

ஜஹானா அதைத் தட்டிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "நாலு எல்லாருக்கும் தெரியும் மகள். எனத்துக்குன்னு வந்தாச்சுல எங்கயும் இல்ல. நான் எழுதினத அழிச்சிட்டேன். மத்த ஆக்கள் அனுப்பினத என்னால அழிக்க ஏலாது."

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வராவிட்டாலும் அது நியாயம்தான் என்று எண்ணிக்கொண்டு ஜஹானா இறங்கினாள்.

ஹில்மி ஹாஜியாரிடமும் போனாள். பதியாத இடத்தில் வேன் நின்றால் இனிச் செய்தி எல்லோருக்கும் போகாது, முதலில் சாரதியிடம் காரணம் கேட்கும், அவர் சொல்லாவிட்டால்தான் உரிமையாளருக்குப் போகும் என்று விளக்கினாள். ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார். "அப்ப எனக்கு எனத்துக்கு மகள் இது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார். அவருக்குப் பயம் வேண்டும், அது அவளிடம் விற்பனைக்கு இல்லை. நாற்பத்தாறு வேன்கள் அப்படிப் போயின. பதினோரு வேன்களை வைத்துக்கொண்டு ஒரு கம்பனி எத்தனை மாதம் நிற்கும் என்று ஜனார்த்தனன் கணக்குப் பார்த்து வைத்திருந்தான். அந்தப் பக்கத்தை இருவரும் அப்போதைக்குத் திறக்கவில்லை. அவன் வெளிவேலைகளை விடவுமில்லை.

திங்கட்கிழமை காலை ஜஹானா ஷஹ்மாவோடு தெருவில் நின்றாள். போனில் வேன் இறங்கி வந்தது. பீலியடி. நின்றது. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. சிவக்கவில்லை. நாலாவது நிமிடம் முடிந்தும் நின்றுகொண்டே இருந்தது. மழையில்லையே என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். ஐந்து. அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் புள்ளி நகர்ந்தது. ஏறினாளா, கணேஸ் காத்திருந்து ஏமாந்து புறப்பட்டாரா என்று தெரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு வேனின் பெயர்ப்பட்டியலில் பதினைந்தாவது பெயர் பச்சையானது.

வேன் வந்து நின்றபோது ஜன்னல் இருக்கையில் சுதர்சினி இருந்தாள். ஷஹ்மா உள்ளே ஏறி அவளருகே நெருக்கி உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு ஜஹானா வழக்கம்போல் அன்றைய பாவனைக் கணக்கைத் திறந்தாள். எந்தச் செய்தியை யார் எத்தனை தரம் திறந்தார்கள் என்று காட்டும் பக்கம். தாய்மார் எல்லோரும் ஒரு தரம், சிலர் பார்க்கவே இல்லை. பழகிவிட்டது அவர்களுக்கு. கடைசி வரியில் பீலியடி. ஆறு வருடமாகப் பிள்ளையை இருட்டோடு அனுப்பிவிட்டு, பின்னேரம் அவள் படியேறி வரும்வரை போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாமல் கொழுந்து எடுத்தவள் அன்னலட்சுமி. ஏழு பதினெட்டுக்கு அவளுக்கு ஒரு செய்தி போயிருந்தது: 'சுதர்சினி பாடசாலைக்கு வந்தாச்சு.'

அதை அவள் பதினேழு தரம் திறந்திருந்தாள். ஜஹானா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பதினெட்டானது.